யாருடைய உடல் அளவுகோல்? சிப்பி நஞ்சைச் சோதித்த வரலாறு

உணவில் நஞ்சு உண்டா என்பதை அறிய மனிதர் கையாண்ட முதல் கருவி இன்னோர் உயிரின் உடலாகும். தில்லி சுல்தான்களின் அரண்மனையில் ‘சாஷ்னிகீர்’ என்றொரு பதவி இருந்தது. சுல்தானின் விரிப்பில் வைக்கப்படும் உணவைச் சுவைத்துப் பார்த்து, அது தீங்கற்றது என்று உறுதிசெய்வது அப்பதவியில் இருந்தவரின் பொறுப்பு. மதிப்பும் செல்வாக்கும் உடைய பதவிதான். ஆயினும் அதன் உட்பொருள் கடுமையானது. ஓர் உடலைக் காப்பதற்காக மற்றோர் உடல் முன்னே நிறுத்தப்பட்டது.

அரசவைகள் மறைந்தன, அந்த ஏற்பாடு மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டில் சாஷ்னிகீரின் இடத்தில் ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி நின்றது. கடற்சிப்பிகளில் இயற்கையாகச் சேரும் நஞ்சை அளப்பதற்கு, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காலம், உலகம் அந்தச் சிற்றுயிரின் மரணத்தையே நம்பியிருந்தது. இன்று பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் சுண்டெலி அந்த இடத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. அது எவ்வாறு நிகழ்ந்தது? அதற்கு ஏன் இத்தனை காலம் ஆயிற்று? எலி விலகிய இடத்தில் இப்போது நிற்பவர் யார்? இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

கரிசல் நிலத்திலிருந்து ஒரு தொடக்கம்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் இல்லை. அதன் பெருமை பருப்பு, எண்ணெய், மிளகாய் வணிகத்திலும், சிவகாசி வட்டாரத்தின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களிலும் இருக்கிறது. மேலும், உள்நாட்டு ஊர்களில் வாழும் தமிழ் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். கடல்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே ஹலால் என்பது அம்மத்ஹபின் நிலைப்பாடு. மட்டியும் சிப்பியும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் ஷாஃபிஈ மக்களுக்கு உரிய பொருள் என்று கரிசல் நிலத்து வாசகர் எண்ணக்கூடும். ஆனால் நஞ்சை எவ்வாறு அறிவது என்னும் கேள்வி அவருடைய ஊருக்கும் உரியதே. அதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன.

முதலாவது, தீப்பெட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சியின் தலைக்கு வெண்பாஸ்பரஸைப் பயன்படுத்தினார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகியது. 1888 ஆம் ஆண்டில் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம் இக்கொடுமையை உலகறியச் செய்தது. 1906 இல் பெர்ன் நகரில் ஏற்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்தது. இந்தியாவில் 1913 இல் அதற்கெனத் தனிச்சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923 இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியபோது, அந்த நஞ்சு ஏற்கெனவே சட்டத்தால் வெளியேற்றப்பட்டிருந்தது. சிவகாசி தன் தொழில் வரலாற்றில் வெடிவிபத்துகளுக்குப் பெருவிலை கொடுத்திருக்கிறது. ஆயினும் இந்த ஒரு நஞ்சை அறிந்துகொள்வதற்கான விலையை வேறு நாட்டுத் தொழிலாளர் தம் தாடைகளால் முன்கூட்டியே செலுத்தியிருந்தனர்.

இரண்டாவது, நிலக்கடலை. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. அவற்றுக்குத் தீவனமாக அளிக்கப்பட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஒருவகைப் பூஞ்சையே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அப்பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு அஃப்ளாடாக்சின் எனப் பெயர் பெற்றது. தொடக்கத்தில் அதைச் சோதிப்பதற்குப் பிறந்து ஒரு நாளே ஆன வாத்துக்குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள். ஐயத்துக்குரிய சாற்றைக் குஞ்சுக்கு ஊட்டிப் பின்பு அதன் ஈரலை ஆராய்வார்கள். ஆனால் இந்த நஞ்சுக்கு ஒரு தனிப்பண்பு இருந்தது. புறஊதா ஒளியில் அது நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்ந்தது. சாற்றிலுள்ள பொருள்களைக் கண்ணாடித் தகட்டில் தனித்தனியே பிரித்து, விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தால் போதுமானது. ஆகவே சில ஆண்டுகளுக்குள்ளாகவே வாத்துக்குஞ்சின் இடத்தை விளக்கு எடுத்துக்கொண்டது.

நிலக்கடலையில் சில ஆண்டுகளில் முடிந்த மாற்றம் சிப்பியில் முக்கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டது ஏன்? அதை அறியக் கடலுக்குச் செல்வோம்.

வயலூரும் விழிஞ்ஞமும்

மட்டி, ஆளி, சிப்பி முதலிய இருவோட்டு உயிர்கள் நீரை உறிஞ்சி வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசிகளை உண்டு வாழ்வன. அப்பாசிகளுள் சில இனங்கள் கடும் நஞ்சை உண்டாக்குகின்றன. அவை பெருகும் காலங்களில் சிப்பியின் தசையில் நஞ்சு சேர்கிறது. சிப்பிக்குப் பெரிய தீங்கு நேர்வதில்லை. அதை உண்பவருக்கு நேர்கிறது. இந்நஞ்சுகளுள் மிகக் கொடியது சாக்ஸிடாக்சின் குடும்பம். நரம்புகளின் வழியே செய்தி செல்வதற்கு உதவும் சோடிய வாயில்களை அது அடைத்துவிடுகிறது. உண்ட சிறிது நேரத்தில் உதடும் நாவும் மரத்துப்போகும், விரல்நுனிகள் கூசும், நடை தள்ளாடும், கடுமையான நிலையில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இதற்கு மாற்றுமருந்து இல்லை. நோயாளியின் மூச்சைச் செயற்கையாக நடத்தி, உடல் நஞ்சை வெளியேற்றும்வரை காத்திருப்பதே மருத்துவம். இந்நஞ்சுக்கு மணமோ தனிச்சுவையோ கிடையாது. கொதிக்கவைத்தாலும் அது அழிவதில்லை. புளியும் மிளகாயும் சேர்த்துக் குழம்பு வைக்கும் தாய்க்கு அதை அறிந்துகொள்ள எந்த வழியும் இல்லை.

1981 ஆம் ஆண்டில் தமிழகத்தின் வயலூர்ப் பகுதியில் இது நேர்ந்தது. மட்டி உண்டவர்களுள் 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் இறந்தனர். 1983 இல் மங்களூரை அடுத்த கும்பளைக் கழிமுகத்தில் இதே நஞ்சு வெளிப்பட்டது. மங்களூர் மீன்வளக் கல்லூரியைச் சேர்ந்த இந்திராணி கருணாசாகரும் உடன் ஆய்வாளர்களும் அதைப் பதிவு செய்தனர். 1997 செப்டம்பரில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பியை உண்டவர்களுள் ஏழு பேர் மாண்டனர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். முஸ்லிம் மீனவரும் கிறிஸ்தவ மீனவரும் அடுத்தடுத்து வாழும் கடற்கரை அது.

இந்நிகழ்வுகளில் ஓர் ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். கழிமுகத்தில் நஞ்சு இருக்கிறது என்னும் செய்தி மக்கள் விழுந்த பிறகே வெளியுலகை எட்டியது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு, சோதனை முறையின் வரலாற்றுக்குத் திரும்புவோம்.

சுண்டெலி அளவுகோலான கதை

1927 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் சிப்பி உண்ட 102 பேர் நோயுற்றனர், அறுவர் இறந்தனர். அப்பகுதியில் ஆராய்ச்சி நடத்திய ஹெர்மன் சோமரும் கார்ல் மேயரும், கடலில் மிதக்கும் நுண்பாசியே இந்நஞ்சின் மூலம் என்பதை நிறுவினர். நஞ்சின் அளவை அறிய அவர்கள் வகுத்த முறை 1937 இல் வெளியாயிற்று. அந்த நாளில் நஞ்சின் வேதியியல் அமைப்பு எவருக்கும் தெரியாது. பெயர் தெரியாத பொருளைத் தராசில் நிறுக்க இயலாது. அது விளைவிப்பதை மட்டுமே அளக்க இயலும். ஆகவே மரணமே அளவாயிற்று.

முறை இதுதான். சிப்பித் தசையை அரைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து வடித்த சாற்றில் ஒரு மில்லி லிட்டரை, ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள சுண்டெலியின் வயிற்றறையில் ஊசிவழியே செலுத்துவார்கள். கடிகாரம் ஓடத் தொடங்கும். எலி இறுதியாக மூச்சுத் திணறும் நொடிவரை எத்தனை நிமிடங்கள் ஆயின என்பதை அட்டவணையில் ஒப்பிட்டால் நஞ்சின் அளவு தெரியும். 20 கிராம் எலியைப் பதினைந்து நிமிடங்களில் கொல்லும் அளவு ‘ஓர் எலி அலகு’ எனப்பட்டது. ஒரு கிலோ சிப்பித் தசையில் 800 மைக்ரோகிராம் என்னும் வரம்பு பின்னர் உலகின் பல நாடுகளில் நிலைபெற்றது.

1959 ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண் பகுப்பாய்வு வேதியியலார் சங்கம் இம்முறையை அதிகாரபூர்வமான முறையாக ஏற்றது. அதே 1959 இல் இங்கிலாந்தின் வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் விலங்குச் சோதனைகளை மனிதநேயத்துடன் அணுகும் நெறிகளைப் பற்றிய நூலை வெளியிட்டனர். இயன்ற இடத்தில் விலங்கை விலக்குதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை அந்நூல் வகுத்தது. சுண்டெலியின் மரணத்தைச் சட்டபூர்வமான அளவுகோலாக்கிய ஏற்பும், அந்த அளவுகோலை ஒருநாள் நீக்கப்போகும் சிந்தனையும் ஒரே ஆண்டில் பிறந்தன. முன்னது உடனே நடைமுறைக்கு வந்தது. பின்னது அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

1978 இல் ஜப்பானில் யாசுமோட்டோவும் அவருடைய குழுவினரும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வேறொரு சிப்பி நஞ்சுக்கும் எலிமுறையை வகுத்தனர். இதில் எலிகளை 24 மணி நேரம் கவனிக்க வேண்டும். விரைவான மரணமாவது வாய்த்த முந்தைய முறையைவிட இதில் வேதனை நீண்டது.

இப்னு சீனாவின் நிபந்தனை

ஒரு பொருளின் விளைவை விலங்கின் உடலில் கண்டு, அதை மனிதனுக்குப் பொருத்தலாமா? இக்கேள்வி புதியதன்று. மருத்துவப் பேரறிஞர் அபூபக்ர் அல்-ராஸி (மறைவு 925) பாதரசத்தைத் தம்மிடமிருந்த குரங்குக்குக் கொடுத்து விளைவைக் கவனித்தார். அந்தலூஸைச் சேர்ந்த இப்னு ஸுஹ்ர் (மறைவு 1162) மூச்சுக்குழாயைத் திறக்கும் அறுவையை முதலில் ஆட்டில் செய்து பார்த்தார். விலங்குச் சோதனை நம் மருத்துவ மரபுக்கு அயலானதாக இருக்கவில்லை. ஆனால் அதன் எல்லையைக் கூர்மையாகச் சுட்டியவர் இப்னு சீனா (மறைவு 1037). ‘அல்-கானூன் ஃபித் திப்’ நூலின் இரண்டாம் பாகத்தில், மருந்துகளைச் சோதிப்பதற்கு ஏழு நிபந்தனைகளை அவர் வகுத்தார். சிங்கத்திலோ குதிரையிலோ காணும் விளைவு மனிதனுக்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது, ஆகவே சோதனை மனித உடலிலேயே அமைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

இப்னு சீனா எழுப்பிய ஐயம் சிப்பி ஆய்வுக்கூடங்களில் மெய்யாயிற்று. எஸ்ஸோடாக்சின் என்னும் சிப்பி நஞ்சை எலியின் வயிற்றறையில் செலுத்தினால் எலி இறந்துவிடுகிறது. ஆனால் அதை உண்டு மனிதர் எவரும் நோயுற்றதாகப் பதிவு இல்லை. வயிற்றறையில் ஊசி ஏற்றுவதும் வாய்வழியே உண்பதும் ஒன்றல்ல என்பதே இதற்குக் காரணம். இத்தகைய பொய்யான எச்சரிக்கையால் சிப்பி வளர்ப்போர் பிழைப்பை இழக்க நேர்ந்தது. மறுபுறம், சாற்றிலுள்ள உப்பின் மிகுதி நஞ்சின் வேகத்தைத் தணித்து, உண்மை அளவைக் குறைத்துக் காட்டும். ஒரே சாற்றைச் சோதித்த இரண்டு ஆய்வுக்கூடங்கள் வெவ்வேறு எண்களைத் தருவதும் உண்டு. வரம்பான 800 மைக்ரோகிராமில் ஏறத்தாழப் பாதிக்குக் கீழே எலிக்கு எதுவும் ‘தெரியாது’. இரக்கத்தின் பெயரால் மட்டுமன்றித் துல்லியத்தின் பெயராலும் எலிமுறை குறைபாடுடையதே.

எனினும் நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். எலிக்கு ஒரு தகுதி இருந்தது. பெயர் தெரியாத நஞ்சையும் அது காட்டிக்கொடுத்தது. 1987 இன் இறுதியில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, சாறு செலுத்தப்பட்ட எலிகள் வழக்கமான முறையில் இறக்காமல், தோள்புறத்தை விடாது சொறிந்தன. இது புதிய நஞ்சு என்பதற்கு அதுவே முதற்குறியாயிற்று. கருவியோ தேடச் சொன்னதை மட்டுமே தேடும். எலியை விலக்கத் தயங்கியவர்களின் வலுவான வாதம் இதுவே.

நஞ்சின் பெயரை அறிதல்

எலியை விலக்குவதற்கு முதல் தேவை, நஞ்சு இன்னதென்று அறிவது. அலாஸ்காவின் ‘சாக்ஸிடோமஸ்’ என்னும் மட்டியிலிருந்து எட்வர்ட் ஷாண்ட்ஸின் குழுவினர் 1957 இல் நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அந்த மட்டியின் பெயரே நஞ்சுக்கும் ஆயிற்று. அப்பணி நடந்ததோ அமெரிக்க இராணுவத்தின் ஆயுத ஆராய்ச்சி நிலையத்தில். நச்சுப்பொருள் ஆயுதங்களைக் கைவிடுமாறு அதிபர் நிக்சன் 1970 இல் ஆணையிட்டார். அதன் பின்னரும் அந்நாட்டு உளவு நிறுவனம் ஏறத்தாழ 11 கிராம் சிப்பி நஞ்சை மறைத்து வைத்திருந்தது 1975 இல் செனட் விசாரணையில் அம்பலமாயிற்று. சாக்ஸிடாக்சினின் வேதியியல் அமைப்பு முழுமையாக வெளியிடப்பட்டதும் அதே 1975 இல்தான். 1993 இன் பன்னாட்டு வேதியியல் ஆயுதத் தடை உடன்படிக்கை, மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய முதல் பட்டியலில் இந்நஞ்சைச் சேர்த்தது.

இதன் விளைவு எதிர்பாராதது. எந்தக் கருவிக்கும் ஒப்பிட்டுப் பார்க்க அளவறிந்த தூய நஞ்சு சிறிதேனும் வேண்டும். பொன்னை நிறுக்கப் படிக்கல் வேண்டுவது போன்றது அது. ஆயுதப் பட்டியலில் உள்ள பொருளை நாடு விட்டு நாடு அனுப்புவது எளிதா? மேலும், சாக்ஸிடாக்சின் தனிப்பொருளன்று. ஐம்பதுக்கும் மேற்பட்ட உறவுப்பொருள்கள் அக்குடும்பத்தில் உள்ளன. ஒவ்வொன்றின் கொடுமையும் வேறு. முக்கியமானவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிக்கல் தேவை. இவை போதாவென்று, அஃப்ளாடாக்சினைப் போல இது தானாக ஒளிர்வதுமில்லை. நாம் முன்பு எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே. கடலை நஞ்சு தானே விளக்கின் கீழ் வந்து நின்றது. சிப்பி நஞ்சையோ ஒளிரவைக்க வேண்டியிருந்தது.

கனடாவின் ஜேம்ஸ் லாரன்ஸ் அதைச் செய்து காட்டினார். சாற்றைப் பெராக்சைடு, பெரியோடேட்டு ஆகியவற்றால் ஆக்ஸிஜனேற்றம் செய்தால் அதிலுள்ள நஞ்சுகள் ஒளிரும் பொருள்களாக மாறும். அவற்றைத் திரவக் குரோமட்டோகிராபிக் கருவியில் பிரித்து ஒளியின் அளவைப் படிக்கலாம். இம்முறை 2005 இல் அதிகாரபூர்வ ஏற்பைப் பெற்றது. ஹாலிஃபாக்ஸ் நகரிலுள்ள கனடிய தேசிய ஆராய்ச்சி மன்றம் தூய நஞ்சுக் கரைசல்களை உலகின் ஆய்வுக்கூடங்களுக்கு வழங்கத் தொடங்கியது இம்மாற்றத்துக்குப் பெருந்துணையாயிற்று. 1987 இல் எலி சுட்டிக்காட்டிய புதிய நஞ்சு டோமாயிக் அமிலம் என்று சில வாரங்களில் கண்டறியப்பட்டதும், அதற்குத் தொடக்கத்திலிருந்தே வேதியியல் முறையே வழக்காயிற்று.

அதன்பின் சட்டம் அசைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் கொழுப்பில் கரையும் சிப்பி நஞ்சுகளுக்கு நிறைமாலைக் கருவியோடு இணைந்த குரோமட்டோகிராபியை முதன்மை முறையாக அறிவித்தது. எலிமுறைக்கு 2014 இறுதிவரை தவணை தந்து, அதன்பின் அறியப்படாத புதிய நஞ்சுகளை அவ்வப்போது தேடுவதற்கு மட்டும் இடம் விட்டது. சாக்ஸிடாக்சின் குடும்பத்துக்கு லாரன்ஸ் முறையே முதன்மையானது என்னும் 2017 இன் ஆணை 2019 இல் நடைமுறைக்கு வந்தது.

‘விலங்கின்றி’ என்னும் சொல்லையும் நாம் அளந்தே பயன்படுத்த வேண்டும். 2011 இல் ஏற்கப்பட்ட மற்றொரு முறையில், நஞ்சு நரம்பின் ஏற்பிகளில் ஒட்டும் அளவைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு எலி மூளையின் சவ்வு தேவை. ஒரு மூளை பல மாதிரிகளுக்குப் போதுமாதலால் மரணங்கள் பெரிதும் குறைகின்றன, முற்றிலும் நின்றுவிடுவதில்லை. முழுமையான விலக்கல் வேதியியல் கருவியிலேயே கைகூடியது.

இரக்கத்தின் சட்டம்

நபி (ஸல்) அவர்கள் உயிருள்ளதை அம்புக்கு இலக்காக நிறுத்துவதைத் தடுத்தார்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் தண்டனையையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் மன்னிப்பையும் எடுத்துரைத்தார்கள். இந்த அறத்தைச் சட்டமொழியில் வகுத்தவர்களுள் ஷாஃபிஈ அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (மறைவு 1262) குறிப்பிடத்தக்கவர். விலங்குகளுக்கு மனிதன் மேலுள்ள உரிமைகளை அவர் தொகுத்துரைத்தார். முதுமையாலோ நோயாலோ பயன்படாமற்போன விலங்குக்கும் உணவளிக்க வேண்டும், சுமக்க இயலாத சுமையை ஏற்றலாகாது என்பன அவற்றுள் அடங்கும். நம் காலத்தில் அல்-ஹாஃபிஸ் பஷீர் அஹ்மத் மஸ்ரி, இஸ்லாத்தில் விலங்குகளின் நிலை பற்றி 1989 இல் எழுதிய நூலில் ஆய்வுக்கூடச் சோதனைகளையும் எடுத்துக்கொண்டார். நிர்ப்பந்தத் தேவையே விலக்குக்கு இடம் தரும் என்னும் ஃபிக்ஹு விதியை அவர் அங்கே பொருத்திப் பார்த்தார். அந்த விதியின்படி, வேறு வழி பிறந்துவிட்டால் நிர்ப்பந்தம் நீங்கிவிடுகிறது. 1937 இன் சுண்டெலிக்குக் கூறப்பட்ட நியாயம் 2005 க்குப் பின் அதே வலுவோடு நிற்பதாகக் கொள்ள முடியாது.

இந்திய நாட்டின் சட்டமும் இதே திசையில் செல்கிறது. சென்னையின் ருக்மிணிதேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தூண்டுதலால், 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. விலங்குச் சோதனைகளை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பது அச்சட்டத்திலேயே உள்ள நெறி.

எலி விலகிய இடத்தில்

இப்போது மூன்றாம் வினாவுக்கு வருகிறோம். கருவி வந்துவிட்டது; அது யாருக்காக ஓடுகிறது? ஏற்றுமதியாகும் சிப்பிக்கு வாங்கும் நாட்டின் வரம்பு உண்டு, சோதனை உண்டு, சான்றிதழ் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் சிப்பி நஞ்சுக்கு வரம்பு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கழிமுகத்துச் சேற்றில் காலால் துழாவி மட்டி பொறுக்கி, மாலையில் அதைக் குழம்பாக்கும் குடும்பத்தின் பானை எந்தக் கருவியின் வழியாகவும் செல்வதில்லை. மீன் வாங்கப் பணம் இல்லாத நாளில் கை நீட்டி எடுக்கக்கூடிய புரதம் அது. வயலூரிலும் விழிஞ்ஞத்திலும் நஞ்சை முதலில் ‘கண்டறிந்தது’ உண்டவர்களின் உடல்களே. 1974 இல் மேற்கிந்தியாவின் பழங்குடிச் சிற்றூர்களில், பூஞ்சை படிந்த மக்காச்சோளத்தைத் தின்று 397 பேர் ஈரல் நோயுற்று, அவர்களுள் 106 பேர் மாண்டபோதும் இதுவே நேர்ந்தது. அஃப்ளாடாக்சினைக் காட்டும் விளக்கு அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. அது நகரத்து ஆய்வுக்கூடத்தில் இருந்தது. சோளம் சிற்றூரில் இருந்தது.

சுண்டெலிக்கு இரங்கிய உலகம், எலியின் இடத்தில் ஏழையை நிறுத்திவிடக்கூடாது. இவ்விரண்டு இரக்கங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. விலங்கு தேவைப்படாத எளிய காவல்முறைகள் இருக்கின்றன. சிப்பி விளையும் கழிமுகத்திலிருந்து வாரந்தோறும் நீரை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், நச்சுப்பாசி பெருகத் தொடங்குவதை முன்கூட்டியே அறியலாம். அது கடலோரக் கல்லூரி ஒன்றின் உயிரியல் துறை செய்யக்கூடிய பணி. எதிர்ப்புரதப் பட்டைகளைக் கொண்டு சாற்றில் நஞ்சின் அறிகுறியைச் சிறிது நேரத்தில் காணும் முறையும் உண்டு. ஹைதராபாதிலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் 2021 இல் தொடங்கிய பாசிப்பெருக்கத் தகவல் சேவை, மன்னார் வளைகுடாவையும் தன் கண்காணிப்பில் கொண்டிருக்கிறது. அந்தச் சேவை செயற்கைக்கோள் வழியே கடலின் நிறத்தைப் படிக்கிறது. நிறம் மாறாமலே நஞ்சு சேர்வதும் உண்டு என்பதால், கரையில் எடுக்கும் ஒரு குவளை நீரின் தேவை நீங்கிவிடவில்லை.

அலாஸ்காவின் சிட்கா பழங்குடியினர் 2010 களில் தமக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, தம் மக்கள் வீட்டு உணவுக்காகச் சேகரிக்கும் சிப்பிகளைச் சோதிக்கத் தொடங்கினர். விற்பனைச் சிப்பிக்கு மட்டுமே அரசின் சோதனை இருந்த இடத்தில், உண்பவர்களே தமக்கான காவலை ஏற்படுத்திக்கொண்டனர். நம் கடலோர ஜமாஅத்துகளும், மீனவர் சங்கங்களும், முஸ்லிம் கல்வி நிறுவனங்களும் இதனைக் கவனிக்க வேண்டும். தீங்கு தரும் உணவு விலக்கப்பட்டது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இல்லை. அவ்வாறாயின், தீங்கை முன்னறிந்து சொல்வதும் சமுதாயத்தின் கூட்டுக்கடமையாகிறது. ஒரு சிலர் அதைச் செய்தால் ஏனையோரின் பொறுப்பு நீங்கும்; எவரும் செய்யாவிட்டால் அனைவரும் பொறுப்பாளிகள். ஃபர்ளு கிஃபாயா என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுவது இத்தகைய கடமையைத்தான்.

சுல்தானின் விரிப்பருகே சாஷ்னிகீர் தம் பணியை அறிந்து நின்றார். அதற்கு ஊதியமும் பெற்றார். கழிமுகத்துக் குடும்பமோ தன்னை எவரும் அப்பதவியில் அமர்த்தியிருப்பதை அறியாமலே முதல் கவளத்தை எடுக்கிறது. அந்தக் கவளத்துக்கு முன்பாகக் கருவி ஒருமுறை பேசிவிட்டால், சுண்டெலி தொடங்கிவைத்த நீண்ட வரலாறு உரிய இடத்தில் வந்து நிறைவுறும்.